சிந்தசைசர் தணிகாசலம்

ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் மெஷினின் பிளக்கைச் செருகினாள் கலைமகள். பெட்டியின் மோட்டார் இரண்டு தரம் செருமிவிட்டு அடங்கியது. உள்ளே அவள் அப்பா தணிகாசலம், மூக்கில் பஞ்சும் நெற்றியில் ஒரு ரூபாய்க் காசுமாகக் கிடந்தார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அன்னக்கிளி அத்தைதான் முதலில் கவனித்தாள்.

"ஏடி, இன்னாடி பண்ற? எங்கண்ணன் உள்ள இருக்குதுடி."

"தெரியும் அத்தே. கொஞ்ச நேரந்தான்."

"உடம்பு கெட்டுப் பூடும்டி."

"இனிமேதான் கெடப் போவுதா?"

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். கலைமகள் யாரையும் பார்க்கவில்லை. உப்பளம் பேட்டையில் அந்தச் சந்து வீட்டுக்கு இருந்தது ஒன்றரை அறை. ஆடாமல் அசையாமல் கரண்ட் கொடுக்கிற பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்று. செத்தவருக்கும் அவர் வாசித்த சிந்தசைசர் மெஷினுக்கும் அதில்தான் பங்கு.

எல்லாம் காலையில் அம்மா பாடியதால் வந்த வினை.

முந்தின நாள் சாயங்காலம் சாராயக்கடைப் படியில் விழுந்த அப்பா ஆசுபத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே முடிந்துபோனார். விடிந்ததும் சாமியானா வந்தது, ஐஸ் பெட்டி வந்தது, கடலூரிலிருந்தும் திருபுவனையிலிருந்தும் சனம் வந்தது. அம்மா கன்னியம்மாள் முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு மாரில் அடித்து ஆரம்பித்தாள். ராசாவே என்றாள், ரத்தினமே என்றாள். குடித்துவிட்டு வந்து சோற்றுச் சட்டியை எட்டி உதைத்த ராசா. அதுவரை கலைமகளுக்குப் பிரச்சினை இல்லை. சாவு வீட்டில் எல்லாப் பிணமும் ராசாதான். நாலாவது அடியில் அம்மா அவளைப் பிடித்தாள்.

"ஊராரு பொட்டிக்கெல்லாம் உசுரு குடுத்த பொண்ணே
பெத்தவன் பொட்டிக்கொரு பொட்டு ஈயம் வைக்கலியே..."

பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது சுற்றில் அத்தை பாடினாள். மூன்றாவது சுற்றில், கலைமகளுக்குப் பேர்கூடத் தெரியாத ஒரு கிழவி பாடினாள்.

ஒப்பாரியில் ஏறிய சொல்லை இறக்க முடியாது. எதிர் வீட்டு மருமகள் மாமியாருக்குக் கடைசி நாளில் கஞ்சி ஊற்றவில்லை என்று ஒருத்தி போகிற போக்கில் பாடினாள். பதினோரு வருஷமாகிறது, குழாயடியில் இன்னும் அவளுக்குப் பேர் 'கஞ்சி ஊத்தாதவ'. கலைமகள் சேதராப்பட்டு ஃபாக்டரியில் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் வைக்கிறவள். ஒரு ஷிப்டுக்கு முந்நூறு போர்டு, ஒரு போர்டுக்கு நாற்பது பொட்டு. அப்படிப்பட்டவள் அப்பனுடைய மெஷினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அந்த ஏக்கத்தில்தான் மனுஷன் குடித்தே செத்தார் என்றாகிவிட்டது. மூன்று மணிக்குப் பிணத்தை எடுக்கிறார்கள். அதற்குள் இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லாவிட்டால் அப்பனைக் கொன்றவளாகத்தான் இந்தச் சந்தில் அவள் காலம் போகும்.

பதில் மெஷினுக்குள் இருந்தது. உள்ளே ஐ.சி. சில்லு எரிந்துவிட்டது, அது இப்போது ஜப்பானில்கூடக் கிடைக்காது என்று ஆறு வருஷமாக அப்பாவேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த எரிந்த ஐ.சி.யை எல்லோர் முன்னாலும் பிடுங்கி அம்மாவின் கையில் வைத்துவிட வேண்டும். இதை நான் மட்டுமில்லை, ஆண்டவன் வந்தாலும் சரிபண்ண முடியாது என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

மெஷினின் சிவப்பு விளக்கு எரிந்தது. சோப்பு டப்பா மாதிரி கறுத்த பித்தான்கள், வரிசை வரிசையாகக் குமிழ்கள், மூன்று ஸ்தாயிக்கான வெள்ளை கறுப்புச் சாவிகள். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். இரண்டு சாவியைச் சேர்த்து அமுக்கினால் ஒன்றை ஏற்று மற்றதை ஒதுக்கிவிடும். ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் சொருகி ஒரு சாவியை அமுக்கினாள். 'உம்' என்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. எல்லாச் சாவியையும் அமுக்கிப் பார்த்தாள். குமிழ்களைத் திருகிப் பார்த்தாள். 'உம்'.

"பாப்பா, ஓடுமா?"

வாசலில் இராமதாஸ் நின்றிருந்தார். மெல்லிசைக் குழு நடத்துகிறவர். சாவுக்கு என்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலைமுடியில் மை மட்டும் நேற்று அடித்தது. பின்னால் மாலையோடு வினோத்குமார், குழுவின் கீபோர்டு பையன், காலேஜ் முடித்தவன்.

"பாக்குறேன் மாமா."

"ஓடுச்சின்னா சொல்லு. அண்ணனை எடுக்கும்போது அண்ணன் மெஷினே பாடணும். நம்ம வினோத்து வாசிக்கட்டும். கலைஞனுக்கு மரியாதைன்னா அதான். இன்னா சொல்ற?"

"ஓடாது மாமா. ஐ.சி. போயிடுச்சின்னு சொல்லிக்கினு இருந்தாரே."

"தொறந்து பாரேன்."

"அதுக்குத்தான் தூக்கியாந்தேன்."

இதைக் கேட்டு கன்னியம்மாள் தலையை நிமிர்த்தினாள். குரல் கம்மிப் போயிருந்தது. "இப்ப தொறக்குறியா? செத்த மனுசன் எழுந்து வந்து வாசிக்கப் போறாரா? உசுரோட இருக்கும்போது கேட்டாரே, நேரமில்லன்னியே."

கலைமகள் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். ஐஸ் பெட்டியின் பிளக்கை மறுபடி சொருகினாள். மெஷினைத் தூக்கிக்கொண்டு சமையல் கட்டுக்குப் போனாள். சாமியானாக்காரனிடம் ஒரு எக்ஸ்டென்ஷன் பலகை கேட்டு வாங்கினாள்.

நேரமில்லை என்று அவள் சொன்னது நிஜம்தான். எப்போது சொன்னாள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. மெஷின் நின்றுபோன மாதமே அவள் ஸ்க்ரூ டிரைவரோடு போய் உட்கார்ந்தாள். அப்பா அதைப் பிடுங்கிச் சந்தில் வீசினார். "கூலிக்கு ஈயம் வைக்கிற கையி. இதுல படக் கூடாது. போய் உன் ஃபாக்டரில காட்டு உன் வேலைய." சாயங்காலம் அம்மா வந்ததும், "உன் பொண்ணக் கேட்டன், அவளுக்கு நேரமில்லியாம்" என்றார். அம்மா அவளைப் பார்த்தாள். "ஆமா, நேரமில்ல" என்றாள் கலைமகள். அப்படிச் சொன்னது ஒரு திமிர். அந்த வீட்டில் திமிர் அவருக்கு மட்டும் சொந்தமில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

மெஷின் வந்தது அம்மா மூலமாக. வெள்ளைக்காரத் தெருவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் கன்னியம்மாள் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, படுக்கை விரிப்பு அலசிக்கொண்டிருந்தாள். எண்பத்து நாலில் அங்கே தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுக்கார முசியே ஊருக்குக் கிளம்பும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாமல் அதை விட்டுவிட்டுப் போனார். வேண்டுமென்றால் எடுத்துப்போ என்றார்கள். ரிக்‌ஷாவில் வைத்துத் தானும் பின்னாலேயே நடந்து கொண்டுவந்து சேர்த்தாள். தணிகாசலம் அப்போது மில்லில் நூல் உருளைக் கூடை தள்ளிக்கொண்டிருந்தார். சாயங்காலங்களில் இராமதாஸின் குழுவுக்கு ஸ்பீக்கர் கட்டுவார். காதிருந்தது, அதை மறுக்க முடியாது. ஒரே வருஷத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்டு நோட்டீஸில் 'சிந்தசைசர் தணிகாசலம்' ஆனார். மறு வருஷம் மில்லை விட்டார். கூடை தள்ளினால் விரல் கெட்டுப்போகுமாம்.

அதற்குப் பிறகு அவர் விரல்தான் வீட்டில் சாமி. தண்ணீர்க் குடம் தூக்க மாட்டார், விரல். கேஸ் சிலிண்டர் மாற்ற மாட்டார், விரல். கச்சேரிக்கு வேன் வந்தால் மெஷினைத் தலையில் சுமந்துபோய் ஏற்றுவது அம்மா. அவர் பின்னால் வெறுங்கையோடு விரலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு நடப்பார். மில் மூடினபோது, கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஊர்வலம் போய் வெயிலில் சாலையில் உட்கார்ந்தார்கள். இவர் வீட்டில் உட்கார்ந்து, நல்லவேளை நான் அப்பவே வெளியே வந்துட்டேன் என்றார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் கையில் ரேகை அழிந்தது. மிஞ்சியது ஒன்றுதான்: ஆர்ட்டிஸ்ட் பொண்டாட்டி என்ற பேர்.

அடித்தட்டில் பன்னிரண்டு ஸ்க்ரூ. ஒவ்வொன்றாகக் கழற்றி ஊறுகாய் பாட்டில் மூடியில் போட்டாள். ஒன்றுகூடத் துருப்பிடித்திருக்கவில்லை. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கிற வீட்டில் இரும்புக் கதவே ஆறு வருஷத்தில் பொடிந்து கொட்டும். இது மட்டும் எண்ணெய் போட்ட மாதிரி சுழன்று வந்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இராமதாஸ் சமையல் கட்டு வாசலில் குந்தி உட்கார்ந்தார். சாவு வீட்டில் அவருக்கும் வேறு வேலையில்லை.

"இதுல பாட்டு எங்க செலக்ட் பண்றது?" என்று அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான் வினோத்குமார்.

"இதுல பாட்டு இல்லடா. நீதான் வாசிக்கணும்."

"ரிதம்?"

"அதுவும் இல்ல."

"அப்ப எதுக்கு இவ்ளோ குமிழு?"

இராமதாஸ் சிரித்துவிட்டார். உடனே சாவு வீடு என்று நினைவுவந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போய் மோளக்காரனுக்கு டீ சொல்லு, போ." அவன் போனதும் குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, உங்கிட்ட சொன்னா இன்னா. கடைசியா கடலூர்ல ஒரு கல்யாணம். அன்னிக்கித்தான் இவன மொதமொதல்ல கூட்டியாந்தேன். புது கீபோர்டு. ஒத்த வெரல வச்சான் பாரு, தபேலா, புல்லாங்குழல், வயலின், எல்லாம் கொட்டுது. அண்ணன் பக்கத்துல ஒத்த ஒத்த சுரமா தட்டிக்கினு இருந்தாரு. மாப்ள வீட்டுக்காரன் ஒருத்தன் வந்து, பெரியவரே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, தம்பி ஃபோட்டோல மறைக்குதுன்னான்."

"இவுரு இன்னா சொன்னாரு?"

"தள்ளி உக்காந்தாரு."

கலைமகள் மீட்டரின் ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ரோசனதான். ரெண்டு பேருக்கும் எப்படிக் கட்டுப்படியாவும்? எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கினு இருந்தன். மறுவாரமே மெஷின் ரிப்பேருன்னு சொல்லி வுட்டுட்டாரு. நல்ல நேரத்துல ரிப்பேர் ஆச்சி. கலைஞன் பாரு, யாருக்கும் சங்கடம் குடுக்கல."

"நீங்க ஒருதரம்கூட வந்து பாக்கல."

"வந்தனே. சுனாமி வந்தப்ப வந்தன்."

"அரிசி மூட்ட எங்க குடுக்குறாங்கன்னு கேக்க வந்தீங்க."

இராமதாஸ் காதைச் சொறிந்தார். செல்ஃபோன் அடித்தது; எடுத்துக்கொண்டு வெளியே போனார். இப்படிப்பட்டவன் போட்ட பொன்னாடையைத்தான் அப்பா ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்.

அவள் வேலையை ஒழுங்காகச் செய்தாள். பழுது பார்ப்பதில் அழுகைக்கு இடமில்லை. கரண்ட் எங்கே வரை வருகிறது, எங்கே நிற்கிறது, அவ்வளவுதான் கேள்வி. மெஷினுக்கு மூன்று விதமான வோல்டேஜ் வேண்டும். பவர் போர்டில் மீட்டரை வைத்தாள். மூன்றும் சுத்தமாக வந்தது. அங்கிருந்து மூன்று ஒயர் கிளம்பி, ஓசையை உண்டாக்கும் போர்டுக்குப் போகிறது. அங்கே வைத்தாள். சிவப்பில் இருந்தது. பச்சையில் இருந்தது. நீலத்தில் முள் அசையவில்லை.

ஐ.சி.களைத் தொட்டுப் பார்த்தாள். கறுக்கவில்லை, உப்பவில்லை, வெடிக்கவில்லை. ஒன்றுகூடச் சாகவில்லை.

நீல ஒயரைப் பிடித்துக்கொண்டு போனாள். ஒயர்க் கட்டை நூலால் சுற்றியிருந்தது. நூலைப் பிரித்ததும் நீல ஒயரின் முனை வெளியே வந்தது. எங்கேயும் ஒட்டாத முனை. அதன் மேல் ஒரு சைக்கிள் வால்வு ட்யூப் துண்டு மாட்டியிருந்தது, வேறெதிலும் பட்டுவிடாமல்.

அடுப்பு மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். விட்டுப்போன ஒயர் தானாக வால்வு ட்யூப் மாட்டிக்கொள்ளாது.

போர்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். நீல ஒயர் ஒட்ட வேண்டிய இடம், பொட்டு அளவுக்குச் செம்பு இருக்க வேண்டியது, உரிந்து போயிருந்தது. சுற்றிலும் காசு அகலத்துக்குக் கருகியிருந்தது. ஃபாக்டரியில் ஒரே இடத்துக்கு இரண்டு தரம்தான் சூடு காட்டலாம். மூன்றாவது தரம் காட்டினால் செம்பு தூக்கிக்கொள்ளும், போர்டைக் குப்பையில் போட வேண்டியதுதான். எத்தனை சூடு பட்டால் எந்த நிறம் என்று அவளுக்குத் தெரியும். இது நாலைந்து தரம் பட்ட சூடு இல்லை. முப்பது தரமோ நாற்பது தரமோ, யாரோ ஒட்டி, எடுத்து, மறுபடி ஒட்டி, மறுபடி எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தரமும் கருகின முனையை நறுக்கியிருக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் தொளதொளவென்று கிடக்க, நீலம் மட்டும் ஒரு விரல் நீளம் குறைந்து விறைத்திருந்தது. ஈயம் வைத்திருந்த லட்சணமோ, சளி சிந்தின மாதிரி. அவளிடம் பழக வருகிற புதுப் பெண்கள்கூட முதல் நாளில் இதைவிட நன்றாக வைப்பார்கள்.

அது அவள் வீட்டில் வைத்திருக்கும் ஈயம்தான். அவளுடைய ஈயம் உருக்கும் அயர்ன்தான். எமர்ஜென்சி விளக்கு ரிப்பேர் பண்ண வாங்கி வைத்தது. அதன் முனை அடிக்கடி கறுத்துப்போவதற்கு அம்மாவோடு இரண்டு தரம் சண்டை போட்டிருக்கிறாள்.

மெஷினை மூடி வைத்திருந்த துணியை எடுத்துப் பார்த்தாள். மேலே ஆறு வருஷத் தூசி, தட்டினால் படலமாக எழுந்தது. சாவிகளின் மேல் தூசியே இல்லை. நடுவில் இருந்த பத்துப் பன்னிரண்டு சாவி விரல் பட்டுப் பட்டு மினுமினுத்தது. அதோடு கிடந்த, காதில் மாட்டுகிற ஹெட்ஃபோனின் பஞ்சு தேய்ந்து உள் பிளாஸ்டிக் தெரிந்தது.

காலை ஏழரைக்கு அம்மா கெஸ்ட் ஹவுஸுக்குப் போவாள். ஏழே முக்காலுக்குக் கலைமகளுக்குக் கம்பெனி பஸ். ஐந்தரைக்குத்தான் திரும்புவார்கள். மனசு கேட்காத நாளில் கதவைச் சாத்திக்கொண்டு ஒயரை ஒட்டி, யாருக்கும் கேட்காமல் வாசித்துவிட்டு, நாலு மணிக்கு மறுபடி ஒயரைக் கழற்றி, ட்யூப் மாட்டி, நூல் சுற்றி, பன்னிரண்டு ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு, மெஷின் கெட்டுப்போன கலைஞனாகப் போய்ச் சாராயக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். விரல் கெட்டுப்போகாமல் இதையெல்லாம் செய்திருக்கிறார். மெஷின் ஓடினால் அவர் யாரும் கூப்பிடாத ஆள். ஓடாத வரை சிந்தசைசர் தணிகாசலம்.

தூ என்று வந்தது வாயில். துப்ப இடமில்லை, சமையல் கட்டு.

நீல ஒயரை ட்யூபோடு நறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இதைக் காட்டினால் போதும். போர்டைக்கூடக் காட்ட வேண்டாம். எட்டு வயசுப் பிள்ளைக்கும் புரியும். எழுந்து முன்னறைக்குப் போனாள்.

ஐஸ் பெட்டியின் பக்கத்தில் ஒரு மர நாற்காலி போட்டிருந்தது. அதில் கெஸ்ட் ஹவுஸ் முதலாளியம்மா மதாம் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வருஷத்தில் அந்தச் சந்துக்குள் மதாம் வந்தது அதுதான் முதல் தரம். கன்னியம்மாள் தரையில் உட்காரவில்லை. மதாமுக்குச் சரியாக நிமிர்ந்து நின்றிருந்தாள். முந்தானையால் பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்து முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இவருதான் மதாம் எங்க வீட்டுக்காரரு. ஆர்ட்டிஸ்ட்டு. அந்த முசியே வுட்டுட்டுப் போன மெஷினு இருந்திச்சே, அதுலதான். கடலூரு, விழுப்புரம், நெய்வேலி, எல்லா ஊர்லயும் இவரு வாசிச்சாத்தான்."

"நீ சொல்லவே இல்லையே, கன்னியம்மா."

"வேலைக்கு வந்த எடத்துல இன்னாத்தச் சொல்றது மதாம்." அம்மாவின் தலை கொஞ்சம் சாய்ந்தது. "மெஷினு மட்டும் ஓடியிருந்திச்சின்னா... அதுலதான் வுட்டுட்டாரு உசுர."

மதாம் தலையை ஆட்டினாள். அம்மா மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் படிந்துகொண்டேயிருந்தது.

"இன்னாடி?" என்றாள் அம்மா, கலைமகள் நிற்பதைப் பார்த்து. "ஆச்சா?"

உள்ளங்கையை மூடிக்கொண்டாள். "சேலைய நனைக்காத. துணி தரன், அதால தொடை."

சமையல் கட்டுக்குத் திரும்பியவள் அயர்னைச் சூடாக்கினாள். கருகின இடத்தில் ஈயம் ஒட்டாது. அதைத் தாண்டி, செம்புத் தடத்தை பிளேடால் சுரண்டி வெளிச்சமாக்கி, எமர்ஜென்சி விளக்குக்கு வாங்கி மிச்சமிருந்த புது ஒயரால் பாலம் போட்டாள். ஒரே சூடு. பொட்டு மணி மாதிரி உட்கார்ந்தது. கருகலை என்ன செய்தும் மறைக்க முடியவில்லை. திறந்து பார்க்கிற எந்த மெக்கானிக்குக்கும் அது சொல்ல வேண்டியதைச் சொல்லும்.

சாவியை அமுக்கினாள்.

சுவரில் மாட்டியிருந்த கரண்டி அதிர்ந்தது. கனத்த, அடிவயிற்றிலிருந்து வருகிற ஓசை. வெளியே மேளம் நின்றது. இராமதாஸ் ஓடிவந்தார், அத்தை வந்தாள், சந்துக்காரர்கள் வந்தார்கள், கடைசியில் அம்மா வந்தாள். எல்லோருக்கும் வழிவிட்டு அம்மா முன்னால் நின்றாள்.

"இன்னா கோளாறு?" என்றார் இராமதாஸ்.

"ஒயரு ஒண்ணு வுட்டிருந்திச்சி."

"ஐ.சி.?"

"ஐ.சி. நல்லாத்தான் இருக்குது."

அம்மா மெஷினைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். "எவ்ளோ நேரம் புடிச்சிது?"

"பத்து நிமிசம்."

அடிப்பாள் என்று கலைமகள் எதிர்பார்த்தாள். அம்மா அடிக்கவில்லை. திரும்பிப் போய்ப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மதாமின் நாற்காலி காலியாக இருந்தது. முந்தானையால் கண்ணாடியை ஒரு தரம் துடைத்தாள். பிறகு அந்தக் கம்மின குரல் வந்தது.

"பத்து நிமிசம் இல்லியே என் பொண்ணுக்கு
பாயோட போனாரே பாட்டுக்கார ராசாவும்..."

அத்தை அதை வாங்கிக்கொண்டாள். பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. காலையில் இருந்ததைவிட இது நன்றாக ராகத்தில் உட்கார்ந்தது. இனி இறங்காது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். காலியான ஐஸ் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த பிளக்கில் மெஷினைச் சொருகினார்கள். வினோத்குமார் பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் வைத்தான். மெஷின் ஒரு சுரத்தை மட்டும் ஏற்றுக்கொண்டது. கையைச் சுட்டுக்கொண்டவன் மாதிரி எடுத்துவிட்டு, ஒரே விரலால் ஏதோ சோகமாகத் தட்டினான். வாசிக்கும் முன் அரை மணியாவது சூடாகவிட வேண்டிய மெஷின், இப்போதுதான் விழித்தது. சூடு ஏற ஏறச் சுருதி நழுவியது. ஒவ்வொரு சுரமும் மெல்ல மேலே இழுபட்டுக்கொண்டே போனது.

"அழுவுது பாரு," என்றார் இராமதாஸ். "வாத்தியாரு போறாருன்னு மெஷினு அழுவுது." கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். கலைமகள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அரை மணி சூடாகவிட்டால் தானாக நின்றுவிடுகிற அழுகை.

பாடை சந்து முனை திரும்பியது. பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாது. இராமதாஸ் செருப்பைத் தேடிக்கொண்டே அவளிடம் வந்தார்.

"பாப்பா, மெஷினு நம்ம ட்ரூப்புலயே இருக்கட்டும். மேடையில சும்மா வச்சாலே ஒரு கெத்து. காலைல வேன் அனுப்புறன். நம்ம மெக்கானிக் ஒருத்தன் கீறான், கெட்டிக்காரன், முழுசாத் தொறந்து பாத்துடட்டும். இன்னா?"

"அனுப்புங்க."

"அம்மாவ ஒண்ணும் சொல்லாத. பாவம்."

"நான் இன்னா சொல்லப் போறன்."

அவர் மேளச் சத்தத்தின் பின்னால் ஓடினார். வீட்டில் அத்தையும் இரண்டு பெண்களும் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கினார்கள். பூவும் பொரியும் வாசலை நோக்கி மிதந்து போயின. அம்மாவைப் பின்பக்கம் கூட்டிப்போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

கலைமகள் மெஷினைச் சமையல் கட்டுக்குத் தூக்கிவந்து கவிழ்த்து வைத்தாள். அடித்தட்டைப் பொருத்தினாள். ஊறுகாய் மூடியிலிருந்து முதல் ஸ்க்ரூவை எடுத்து முடுக்கினாள். முடுகி நின்றது. அவள் நிறுத்தவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, உடம்பின் கனத்தை அதன் மேல் போட்டுத் திருகினாள். வழுக்கியது. மறுபடி திருகினாள். தலையிலிருந்த நட்சத்திரக் குழி மழுங்கி மழுங்கி, எந்த ஸ்க்ரூ டிரைவருக்கும் பிடி கிடைக்காத ஒரு வெறும் வட்டமாகும் வரை திருகினாள். ஃபாக்டரியில் ஒரு ஸ்க்ரூ தலை இப்படிப் போனால், செய்தவள் பேருக்கு நேரே பலகையில் சிவப்புப் புள்ளி வைப்பார்கள். பத்து வருஷத்தில் அவள் பேருக்கு நேரே ஒன்றுகூட விழுந்ததில்லை.

"ஏடி, குளிக்க வா," என்று பின்பக்கமிருந்து அத்தை கூப்பிட்டாள். "குழா நின்னுடப் போவுது."

"இரு அத்தே," என்றாள் கலைமகள், இரும்புத் தூளை ஊதிவிட்டு. "இன்னும் பதினொண்ணு கீது."